குற்றாலச் சாரலை 'பாமி' என்று எழுதலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை; ஓய்வு நேரத்தில் சிறுகதைகளை மொழிபெயர்க்கப் பழகி வருகிறேன். தென்காசிக்கு அருகில் தங்கும் விடுதி நடத்தும் உறவினர் ஒருவருக்காக, வெளிநாட்டுப் பயணிகள் படிப்பதற்கென்று குற்றாலப் பருவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று புகுந்து வருவதையும், அருவிக்கரை வரை போகாமலே வீட்டு முற்றத்தில் நிற்கும்போதே சாரல் முகத்தில் படுவதையும் விவரித்துவிட்டு, அந்த வானிலையைக் குறிக்க 'பாமி' என்ற பெயரடையைப் போட்டேன். பி, ஏ, எல், எம், ஒய் என்ற ஐந்து எழுத்துகளால் ஆன சொல் (balmy) அது. அகராதியில் அதற்கு 'இதமான' என்று பொருள் இருந்தது. குற்றாலச் சாரலைவிட இதமான வானிலை வேறு எது என்ற எண்ணத்தில்தான் எழுதினேன்.

பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஒருவர் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் இந்தச் சொல் நிற்காது என்று அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் நிற்காது என்று கேட்டபோது, காதுக்குச் சரியாகப் படவில்லை என்பதற்கு மேல் அவரால் விளக்க முடியவில்லை. மீண்டும் அகராதியைப் புரட்டியதில் குழப்பம் கூடியதுதான் மிச்சம். நறுமணமுள்ள, நோவு தணிக்கிற, இதமான, கிறுக்குத்தனமான என்று ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு பொருள்கள் வரிசையாக இருக்கின்றன.

ஒரே சொல்லுக்குள் இந்த நான்கும் எப்படி வந்து சேர்ந்தன? குற்றாலத்துக்கு இச்சொல் பொருந்துமா, பொருந்தாதா? இவற்றோடு எதிர்த்திசையிலும் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் நடக்கும் ஒரு கதையை இப்போது தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு 'பாமி' மாலைப் பொழுது வருகிறது. 'இதமான மாலை' என்று எழுதினால் போதுமா?

மறுமொழி 1

வணக்கம் அம்மா. நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு விடை உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தலைவலி வந்தால் நெற்றிப்பொட்டில் தடவிக்கொள்கிறோமே, அந்தப் 'பாம்'தான் இச்சொல்லின் அடி. 1893இல் தொடங்கிய அமிர்தாஞ்சன் மூன்று தலைமுறைகளாக நம் வீடுகளில் இருப்பதால், 'பாம்' என்பது ஆங்கிலச் சொல் என்ற நினைவே நமக்கு வருவதில்லை. அந்தச் சிறு புட்டியின் மூடியைத் திறந்த கணத்தில் முதலில் வருவது மணம். விரலால் தொட்டு நெற்றியில் தேய்த்தபின் வருவது நோவு தணிந்த உணர்வு. உங்கள் அகராதி முதலில் தரும் இரண்டு பொருள்களும், நறுமணமும் நோவு தணிதலும், அந்தப் புட்டிக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

சொல்லின் பயணமும் பிசினிலிருந்து தொடங்குகிறது. மேற்காசியாவில் ஒரு சிறு மரத்தைக் கீறி எடுத்த மணமுள்ள பிசினைக் கிரேக்கர்கள் 'பால்சமோன்' என்றார்கள். அவர்களுக்கு அது செமித்திய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. இலத்தீனில் 'பால்சமும்' ஆகி, பழைய பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வரும்போது 'பாம்' ஆனது. நம் கிறித்தவ நண்பர்கள் வேதாகமத்தில் படிக்கும் கீலேயாத்தின் 'பிசின் தைலம்' என்பதும் ஆங்கில வேதாகமத்தில் இதே சொல்தான். அரேபியாவின் மெக்கா பால்சம் மரமும் நம் கிளுவையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதைத் தாவரவியல் நண்பர் ஒருவர் எனக்குச் சொன்னபோது மிகவும் மகிழ்ந்தேன். காங்கேயம் பகுதியில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி உயிர்வேலியாக நிற்கும் முள்கிளுவையின் ஒரு கிளையை ஒடித்து முகர்ந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பேரினத்தின் மணம் தெரிந்திருக்கும்.

'பாமி' என்ற பெயரடை ஆங்கிலத்தில் சுமார் 1500இல் தோன்றியபோது அதற்கு நறுமணமுள்ள என்றுதான் பொருள். நூறு ஆண்டுகள் கழித்து, ஆற்றுகிற, நோவு தணிக்கிற என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தின் கடைசி அங்கத்தில், உறங்கும் மனைவியை முத்தமிடும் கணவன் அவளுடைய மூச்சுக்கு இந்த அடைமொழியைத் தருகிறான். அங்கே வானிலையைப் பற்றிய பேச்சே இல்லை. அவளுடைய மூச்சின் நறுமணமும், அது அவன் சினத்தைக் கரைக்கப் பார்ப்பதும்தான் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இச்சொல் காற்றுக்கு ஏறியது. பூமணம் சுமந்து வந்து உடம்பை ஆற்றும் காற்று என்பதில் பழைய பொருள்கள் இரண்டும் கைகோத்து நிற்கின்றன. காலப்போக்கில் மணம் உதிர்ந்துபோய், மென்மையான வெதுவெதுப்பு மட்டும் எஞ்சியது.

நான்காவது பொருளான கிறுக்குத்தனம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. மால்ட் ஊறல் புளிக்கும்போது மேலே பொங்கும் நுரையை ஆங்கிலத்தில் 'பார்ம்' என்பார்கள். மண்டைக்குள் நுரை பொங்குகிறவன் 'பார்மி'. தென்னிங்கிலாந்து உச்சரிப்பில் மெய்யெழுத்துக்கு முன் வரும் 'ஆர்' ஒலிப்பதில்லை. 'பாமி'யிலுள்ள 'எல்' எழுத்தும் ஒலிப்பதில்லை. எனவே இரண்டும் காதுக்கு ஒன்றாகிவிட்டன. 19ஆம் நூற்றாண்டு இலண்டன் கொச்சையில் ஒன்றின் எழுத்தை மற்றொன்றுக்குப் போட்டு எழுதத் தொடங்கினார்கள். 1994-95 ஆஷஸ் தொடரின்போது ஆஸ்திரேலியாவில் பெயர் பெற்ற இங்கிலாந்து ரசிகர் கூட்டமான 'பார்மி ஆர்மி'யை நினைவில் வைத்துக்கொண்டால் உங்கள் மாணவர்கள் இரண்டையும் பிரித்துக்கொள்வார்கள். 'ஆர்' எழுதினால் கிறுக்கு, 'எல்' எழுதினால் காற்று என்று எழுதுவதே இன்று நல்ல வழக்கம்.

உச்சரிப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் வகுப்பறைகளில் 'பால்மி' என்று எல் அழுந்தச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அமெரிக்கர் பலரும் அப்படிச் சொல்வதால் அதைப் பிழை என்று திருத்த வேண்டியதில்லை. ஆனால் பிரெஞ்சு வழியாக வந்தபோது அந்தச் சொல்லில் எல் ஒலியே இல்லை. இலத்தீன் மூலத்தை நினைவுபடுத்த வேண்டும் என்று படித்தவர்கள் பின்னாளில் எழுத்தில் மட்டும் அதைச் சேர்த்தார்கள். 'சாமன்' என்று சொல்லும் மீனின் பெயருக்குள் ஒலிக்காமல் உட்கார்ந்திருக்கும் எல்லும் அவ்வாறு நுழைந்ததே.

மறுமொழி 2

பேராசிரியர் ஐயா சொன்னதற்குப் பிறகு வரலாற்றில் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை. நான் மதுரைக்காரி, இலண்டனில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறேன். இந்தச் சொல்லை நான் புத்தகத்தில் கற்கவில்லை, நோயாளி ஒருவரின் வாயிலிருந்து கற்றேன்.

2019 பிப்ரவரி 26ஆம் நாள் எனக்குப் பகல் பணி. எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, சன்னலைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டார். பிப்ரவரியில் இலண்டன் சன்னலைத் திறப்பது எனக்குப் பழக்கமில்லாத செயல் என்பதால் தயங்கித் தயங்கித்தான் திறந்தேன். திரைச்சீலை மெல்ல உள்நோக்கி அசைந்தது. அவர் போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி 'பாமி' என்றார். முழு வாக்கியமாகக்கூட அதைச் சொல்லவில்லை. அன்று கியூ தாவரவியல் பூங்காவில் 21.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. பிரிட்டனில் குளிர்காலத்தில் அதுவரை பதிவானவற்றுள் அதுவே மிக உயர்ந்த அளவு. மதுரையில் மார்கழி விடியற்காலையில் அதே 21 டிகிரி வந்தால் என் தாயார் காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டுதான் வாசலில் கோலம் போட வருவார்.

எனக்கு அன்றுதான் விளங்கியது. இந்தச் சொல் வெப்பமானியில் உள்ள எண்ணைச் சொல்வதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் அந்த இதத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்கிறது. குளிரில் மாதக்கணக்காகக் கூனிக் குறுகியிருந்த உடம்பு, குளிர் விட்ட காற்றில் தளர்ந்து விரிகிறதே, அந்த இதம் 'பாமி'. வெயிலில் வெந்த உடம்பு சாரலில் குளிர்ந்து ஆறுவதும் இதம்தான், ஆனால் அது மறுபக்கத்திலிருந்து வந்து சேர்ந்த இதம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால்தான் அகராதி உங்களைக் கைவிட்டிருக்கிறது. குற்றாலத்தை நீங்கள் புகழ்வது அது குளிர்ந்திருக்கிறது என்பதற்காக. 'பாமி' என்ற சொல்லோ வெதுவெதுப்பைப் புகழ்கிறது. அடிக்கோடிட்டவரின் காது அதைத்தான் உணர்ந்திருக்க வேண்டும்.

நம் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். கண் குளிரப் பார்த்தேன், மனம் குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது என்று மகிழ்ச்சியை எல்லாம் குளிர்ச்சியாகவே சொல்கிறோம். ஆங்கிலேயர்கள் அன்பான வரவேற்பை வெம்மையானது என்றும், முகம் கொடுக்காத வரவேற்பைக் குளிர்ந்தது என்றும் சொல்வார்கள். எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் சொல் தெரியாவிட்டாலும் திசை தெரிந்தால் பேச்சில் தப்பு வராது.

வேறொரு பயன்பாட்டையும் இங்கே அடிக்கடி கேட்கிறேன். எண்ணுக்கு முன்னால் இச்சொல்லைப் போட்டு, 'ஒரு பாமி பதினைந்து டிகிரி' என்கிற அமைப்பில் பேசுவார்கள், செய்தித்தாள்களிலும் எழுதுவார்கள். அந்தப் பருவத்துக்கு அந்த அளவு எதிர்பாராத வெதுவெதுப்பு என்று அதற்குப் பொருள். கடுங்குளிர்ப் பகுதிகளில் பூச்சியத்துக்குக் கீழே ஐந்து டிகிரியைக்கூட இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அங்கே சொல்லை நேராக எடுத்துக்கொள்ளக் கூடாது. காப்பி, பால், குளிக்கும் நீர், அறை ஆகியவற்றுக்கு யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாலை, இரவு, காற்று, நாள், தட்பவெப்பம் ஆகியவற்றோடுதான் சேர்ந்து வருகிறது, அவற்றிலும் மாலையோடும் இரவோடும் வருவதே மிகுதி.

மறுமொழி 3

சகோதரியின் விளக்கம் மிகச் சிறப்பு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். ஆவணி மாதத்தில் ஒரு மாலை, சாரல் நின்றபின் விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆங்கிலப் பயணி, அங்குள்ள காற்றை உண்மையாகவே 'பாமி' என்று தன் நாட்குறிப்பில் எழுதக்கூடும். குற்றாலம் உதகையைப் போல் உயரத்தில் இல்லை. அது மலையடிவார ஊர். அவர் ஊரின் கோடையோடு ஒப்பிட்டால் குற்றாலத்து மாலையும் வெதுவெதுப்பானதே. ஆகவே சொல் பிழை என்று சொல்ல முடியாது. சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

மறுமொழி 2-ஐ எழுதியவரின் விளக்கம்

ஐயா, அந்தப் பயணி எழுதினால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் குறிப்பை எழுதுபவர் நம் ஊர்க்காரர்; சித்திரை, வைகாசி வெயிலுக்குப் பிறகு வரும் குளிர்ச்சிக்காகவே மக்கள் அங்கே போகிறார்கள். மழைத்தூறலும் பலமான காற்றும் இச்சொல்லோடு ஒட்டுவதில்லை என்பதையும் பாருங்கள். அதைப் படித்து வருபவர் காய்ந்த, பலமான காற்றில்லாத, மெல்லிய வெம்மையை எதிர்பார்த்து வந்து, மேலாடை இல்லாமல் சாரலில் நனைந்து நடுங்கினால் விடுதிக்காரர் மீதுதான் குறை வரும். சென்னையில் சனவரி மாதத்து மாலையில் கடற்கரையில் வீசும் காற்றுக்கு இச்சொல்லை யாரும் தயங்காமல் எழுதலாம். அதே சென்னையின் மே மாத இரவுக்கு எழுத முடியாது, ஏனென்றால் அது புழுக்கம். அதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொற்கள் உண்டு.

மறுமொழி 4

பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பே தொழிலாக இருப்பவன் என்பதால், மாணவர்களுக்குப் பயன்படும் என்று அக்கம்பக்கத்துச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

'மைல்டு' என்பதைப் பிரிட்டன் வானிலை அறிவிப்புகளில் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் கேட்கலாம். அப்பருவத்துக்கு வழக்கமான குளிர் இல்லை என்பதே அதன் பொருள். அது செய்தி சொல்லும் சொல், 'பாமி' மகிழ்ந்து சொல்லும் சொல். 'டெம்பரேட்' என்பது ஒரு நாளின் வானிலையைவிட ஒரு நிலப்பகுதியின் தட்பவெப்பத்துக்கே உரியது, பாடநூலில் மிதவெப்ப மண்டலம் என்று படிக்கிறோம். உதகையைப் பற்றி நம் நாட்டு ஆங்கிலத்தில் சலிக்காமல் எழுதும் 'சலூப்ரியஸ்' உடல்நலம் தருவது என்று பொருள்படும். 19ஆம் நூற்றாண்டில் படைவீரர்களும் அதிகாரிகளும் உடல் தேறுவதற்காக மலையேறிய காலத்தின் எச்சம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது 'கிளமென்ட்' என்ற சொல். இலத்தீனில் அது இரக்கமுள்ள என்று பொருள்படும், ஆங்கிலத்தில் மன்னிக்கும் மனத்துக்கும் கடுமையற்ற வானிலைக்கும் அது ஒன்றே. இன்று அதன் எதிர்ச்சொல்லான 'இன்கிளமென்ட்' மட்டும்தான் மழையால் ஆட்டம் நின்றது, விமானம் தாமதம் போன்ற அறிவிப்புகளில் தொடர்ந்து உயிரோடிருக்கிறது. வானிலைக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல்லா என்று வியப்பவர்கள் நம் 'தண்ணளி'யை எண்ணிப் பார்க்க வேண்டும். தண்மை என்பது குளிர்ச்சி, அளி என்பது இரக்கம். குடிகளிடத்தில் இரங்கும் அரசனைத் தண்ணளி உடையவன் என்றோம். வெயில் நிலத்தில் பிறந்த மொழியில் இரக்கம்கூடக் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்பதை, மேலே சகோதரி சொன்ன வயிறு குளிர்தலோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

இனி உங்கள் கதை. 'இதமான மாலை' பிழையன்று, ஆனால் தமிழ் வாசகர் அதைப் படித்தவுடன் வெயில் தாழ்ந்து குளிர்ந்த மாலை என்றே எடுத்துக்கொள்வார். கதைக்குள் நடப்பதோ அதற்கு நேர்மாறானது. 'தென்றல்' என்று போடவும் எனக்கு மனம் வராது. திசையை வைத்துப் பார்த்தால் பொருந்தும். இங்கிலாந்துக்கு மென்மையான வெப்பத்தைக் கொண்டுவரும் காற்று, அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தைத் தழுவி, தென்மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே தெற்குக் காற்று குளிரை விரட்டுகிறது, நம் ஊரில் பொதிகையிலிருந்து வரும் தெற்குக் காற்று வெம்மையை ஆற்றுகிறது. வாடையைப் பொறுத்தவரை இரு நாட்டுக்கும் வேறுபாடில்லை, இரண்டிலும் வடக்கிலிருந்து வந்து வாட்டுகிறது.

'வெதுவெதுப்பான மாலை' என்றால் குளியலறை நினைவு வருகிறது. 'இளஞ்சூடான மாலை' என்றால் பால் நினைவு வருகிறது. நானாக இருந்தால் பெயரடையைத் தேடுவதையே விட்டுவிட்டு, 'குளிர் விட்டிருந்தது' என்ற நம் பேச்சு வழக்கை வினையாகக் கொண்டுவந்து, உடம்பு என்ன செய்கிறது என்பதை எழுதுவேன். மூதாட்டி போர்வைக்குள்ளிருந்து கைகளை எடுத்தார் என்று சகோதரி எழுதிய வரியைப் படித்தபோது, பெயரடை இல்லாமலே அது எனக்கு விளங்கிவிட்டது.

மறுமொழி 2-ஐ எழுதியவர்

கதை கார்ன்வால் பக்கம் நடப்பதாக இருந்தால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அந்தக் கரையோரம் நாட்டின் மற்ற பகுதிகளைவிடக் குளிர் குறைந்தது. நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்த, தூரத்தில் பார்த்தால் ஈச்சை போலத் தோன்றும் மரங்கள்கூட அங்கே தெருவோரங்களில் வளர்கின்றன. வசந்தத்தில் கடலோரப் பாறைகளில் 'கோர்ஸ்' என்ற முட்புதர் மஞ்சளாகப் பூக்கும். வெயில் பட்டால் அந்தப் பூக்களிலிருந்து தேங்காய் மணம் வரும். முதன்முறை முகர்ந்தபோது அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பேராசிரியர் ஐயா, உதிர்ந்துபோனது என்று சொன்ன மணம் சில மாலைகளில் இன்னும் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

பேராசிரியர் ஐயாவுக்கும், சகோதரிக்கும், மற்ற ஐயாமாருக்கும் மனமார்ந்த நன்றி. விடுதிக் குறிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, குளிர்ச்சியையும் காற்றையும் நேரடியாகச் சொல்லும் இரண்டு எளிய ஆங்கிலச் சொற்களைப் போட்டு, மெல்லிய மேலாடை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லும் வரியையும் சேர்த்துவிட்டேன். உறவினருக்கு அந்த வரி பிடித்திருக்கிறது.

கதையில் அந்த மாலையை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'அன்று மாலை குளிர் விட்டிருந்தது. கம்பளி மேலாடையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கடற்சுவரை ஒட்டி அவள் மெதுவாக நடந்தாள்.' மூலத்தில் அடுத்த வரியிலேயே அந்த மஞ்சள் முட்புதர் வருகிறது. அது எதற்காக அங்கே நிற்கிறது என்று தெரியாமல், தேவையற்ற வருணனை என்று எண்ணி விட்டுவிட இருந்தேன். இன்று காலை அதைத் திரும்பக் கொண்டுவந்து, மணத்தையும் மூலத்தில் இருந்தபடியே வைத்துவிட்டேன்.